அம்மாவை நிரந்தரமாக்கிய தீபாவளி

ஒக்டோபர் மாதம் ஒன்பதாம் திகதி, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு அது தொடங்கியது. நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. கண்டி நகரில் அம்மா வேலை செய்த புடவைக் கடைக்குப் பின்னாலிருந்த பள்ளிவாசலில் அப்போதுதான் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. பாங்கின் முதல் சொல் கேட்டதும் கடை முதலாளியான ஹாஜியார், கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி, காலையில் கதவு திறந்தது முதல் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கியை நிறுத்துவார். வேறெதற்காகவும் அவர் அதை நிறுத்தி நான் கண்டதில்லை. மாடிப்படியில் ஒரு கிழவர் வழுக்கி விழுந்து கூட்டம் கூடிய நாளிலும் பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அமைதிக்குள் அம்மாவின் தொலைபேசி ஒலித்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. பாடசாலை விட்டதும் நேரே கடைக்கு வந்து, மேல் மாடியில் சேலைப் பகுதிக்குப் பின்னாலிருந்த உடை மாற்றும் அறையில் ஒரு முக்காலியில் அமர்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். யாராவது சட்டை போட்டுப் பார்க்க வந்தால் வெளியே போய் நிற்பேன். அவர்கள் போனதும் திரும்ப வருவேன். புதுத்துணியின் கஞ்சி வாடையும், பாச்சைக்குண்டு வாடையும், மழையில் நனைந்து வந்தவர்களின் ஈரக் கம்பளி வாடையும் அந்த அறையில் எப்போதும் கலந்திருக்கும். அம்மா தொலைபேசியோடு உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டார். நான் அங்கே இருப்பதை அவர் மறந்திருக்க வேண்டும்.

மறுமுனையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண், அம்மாவோடு ஒன்றாகப் படித்தவர் என்று பிறகு அறிந்தேன். அவர் சத்தமாகப் பேசினார்.

"லிஸ்ற்றில உன்ர பேர் வந்திட்டுதடி! வாற வெள்ளிக்கிழமை நேர்முகம். டிகிரி சேட்டிபிக்கற் எல்லாத்தையும் மறக்காமக் கொண்டு போ. கேக்குதே உனக்கு?"

"கேக்குது," என்றார் அம்மா.

"ஏன் இப்பிடி ரகசியமாக் கதைக்கிறாய்? சந்தோசமாக் கத்தடி!"

"கடைல நிக்கிறேன். அப்புறம் பேசுறேன்."

அம்மா திரும்பினார். கண்ணாடியில் என் முகத்தைக் கண்டார். பாங்கு முடிந்தது. கீழே ஹாஜியார் மறுபடியும் பாட்டைப் போட்டார்.

நண்பர்களே, நம் பல்கலைக்கழகத் துறையின் விவாத அரங்கில் சென்ற வாரம் உங்களுக்கு நான் ஏமாற்றம் தந்தேன். 'வருமானத்துக்குத் துணை பட்டமா, அனுபவமா' என்ற தலைப்பில் பட்டத்தின் பக்கம் பேச ஒப்புக்கொண்டுவிட்டு, மேடைக்குப் போகும் நேரத்தில் விலகிக்கொண்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என் அம்மா நிற்பது எனக்குத் தெரிந்தது. அவரைத் தாண்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. உங்களுக்குக் கடன்பட்ட விளக்கத்தை நம் சஞ்சிகையின் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன். அந்த ஒரு தீபாவளிக் காலத்தைத் தவிர வேறெதையும் இதில் சொல்லப் போவதில்லை.

என் அம்மா பட்டதாரி என்பது அந்த உடை மாற்றும் அறையில், அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் எனக்குத் தெரிந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த மாமா, நாங்கள் போகும்போதெல்லாம் "வாங்க டீச்சரம்மா" என்றுதான் அம்மாவை வரவேற்பார். அதை நான் கேலி என்றே எண்ணியிருந்தேன். எனக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும்போது அம்மா போடும் அதட்டலுக்காக வைத்த பெயர் என்று எனக்கு நானே விளக்கமும் வைத்திருந்தேன்.

"நீங்க கெம்பஸ் போனீங்களா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு."

"எந்தக் கெம்பஸ்?"

"பேராதனை."

பேராதனை எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். வாரத்தில் ஒரு தடவையாவது அந்த மரங்களுக்கு நடுவால் நாங்கள் போயிருக்கிறோம். அம்மா ஒருமுறைகூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எதையும் காட்டியதில்லை.

"ஏன் சொல்லல?"

"சின்னப் புள்ளைங்க வாய்ல எதுவும் நிக்காது. ஹாஜியாருக்குத் தெரிஞ்சா வேல போயிரும்."

"நல்லாப் படிச்சா வேல போயிருமா?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்த வருடம்தான் நான் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி நகரத்துப் பெரிய பாடசாலைக்கு வந்திருந்தேன். அதற்காக ஒரு வருடம் முழுவதும் விடியற்காலையில் என்னை எழுப்பிவிட்டவர் அவர்.

"இந்தக் கடைல போயிரும்," என்றார்.

வெளியிலிருந்து கம்பளை அக்கா திரையைத் தட்டினார். அம்மாவோடு சேலைப் பகுதியில் நின்றவர். கம்பளையிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். "என்னாடி, உள்ள பூட்டிக்கிட்டுக் கட்டார் மாப்ளையோட கொஞ்சலா? வெளிய ஒரு குடும்பமே வந்து ஒன்னையத்தான் கேக்குது. நான் காட்டுனா வேணாமாம். என் மூஞ்சி சேலைக்கு ஆகாதாம்."

"ஓம் மூஞ்சி நகைக்கடைக்குத்தான் ஆகும்," என்றபடி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். போன வேகத்தில், "வாங்கக்கா, வாங்க! யாருக்கு எடுக்கிறீங்க?" என்ற குரல் கேட்டது. நான் கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்றேன். அந்தக் குரலை நான் அதுவரை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அன்று அது வேறொருவரின் குரல்போல இருந்தது.

ஹாஜியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். இந்தக் கதை அவரைக் கெட்டவராக்கும் கதையும் அன்று. அவர் தந்தையார் துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்றவர். ஹாஜியார் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையோடு போனவர். தோட்டத்துச் சனங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த மறுநாள், ஹுன்னஸ்கிரிய, மடுல்கெல்ல பஸ்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கிக் கடைக்கு வருவார்கள். வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தைக்கும் தோடம்பழ இனிப்புக் கொடுப்பார். அவருக்கு ஒரே ஒரு பகை: பட்டதாரிகள்.

முன்னொரு காலத்தில் மூன்று பட்டதாரிப் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தாராம். அரசாங்க நியமனம் வந்த அன்று மூவரும் தீபாவளி வியாபாரத்தின் நடுவே, விரித்த சேலையை மடிக்காமல் போய்விட்டார்களாம். இந்தக் கதையை அவர் சொல்லாத வாரம் இல்லை.

"படிச்ச புள்ளையள் சீலைக்கு முன்னுக்கு நிக்கிற விதமே வேற," என்பார். "கஸ்டமரப் பாக்கிற இல்ல, வாசலப் பாத்துக்கொண்டு நிக்கிற, எப்ப போஸ்ட்மேன் வருவான் எண்டு. எனக்கு டிகிரி வாணாம். எனக்கு வேல தெரிஞ்ச ஆள் வாணும்."

அம்மா தலையாட்டிக்கொண்டு சேலை மடிப்பார். எத்தனை நாள் இந்தக் காட்சியை நான் பார்த்தேன்! ஒக்டோபர் ஒன்பதுக்குப் பிறகு, ஹாஜியார் அந்தக் கதையைத் தொடங்கினாலே நான் உடை மாற்றும் அறைக்குள் போய்விடுவேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சம்பளம் மட்டுமே. இரண்டு மூன்று வருடம் நின்று, ஹாஜியாருக்கு மனம் நிறைந்தால் அவர்கள் 'நிரந்தரம்' ஆவார்கள். அதாவது ஊழியர் சேமலாப நிதியில், எல்லோரும் சொல்வதுபோல ஈ.பி.எஃப்.இல், கடை அவர்களுடைய பெயரைப் பதிந்து மாதாமாதம் பணம் கட்டும். அந்த அறிவிப்பு முஸ்லிம் பெண்களுக்கு நோன்புப் பெருநாளுக்கு முன்னரும், தமிழ்ப் பெண்களுக்குத் தீபாவளிக்கு முன்னரும் கடையின் நடுவில் நடக்கும். ஆளுக்கொரு சேலை, ஒரு தட்டு மஸ்கட் இனிப்பு, எல்லோருடைய கைதட்டல். சேர்ந்த நாளிலேயே எவரையும் பதிய வேண்டும் என்பதுதான் சட்டம் என்று நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன். அன்று அது ஹாஜியாரின் பெருந்தன்மை என்றே எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அம்மா அந்தக் கடையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருக்கு இரண்டு காத்திருப்புகள் இருந்தன; ஒன்று மற்றதைக் கொல்லும். அரசாங்கம் அப்போது அறிவித்த ஆசிரியர் நியமனம் தொழிலற்ற பட்டதாரிகளுக்கு மட்டுமே. ஈ.பி.எஃப்.இல் பெயர் இருந்தால் நீங்கள் தொழிலுள்ளவர். பட்டம் இருந்தும் இல்லாதவர். வேறு கடைகளில் நின்ற பட்டதாரிகள் முதலாளியிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள்: என்னைப் பதியாதீர்கள். அம்மாவால் அப்படிக் கேட்க முடியவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

அதற்கு அவர் வைத்திருந்த திட்டத்தை, கட்டாரில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் வேலையில் இருந்த அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தீபாவளிக்கு என்னைய நிரந்தரமாக்குனா, வேணாம் ஹாஜியார், அடுத்த வருசம் பாப்போம், வீட்டுக்காரர் வரச் சொல்றாருன்னு சொல்லிருவேன். மொதல்ல அறிவிச்சுட்டுத்தானே பதிவாங்க."

"ஏம் மேலயே பழியப் போடு," என்று அப்பா சிரித்தார். "நான் ஸ்கூல்ல ஓ.எல்.லோட நின்னவன், என்னோட சம்பளத்துக்கு ஒரு கொறையும் இல்ல. நீ மட்டும் அந்தப் பேப்பர விட மாட்டேங்கிற."

"உங்க வேல உங்களுக்குத் தூரத்துல இருக்கு. எனக்கு எம்புள்ள பக்கத்துல பென்சனோட ஒரு வேல வேணும். அத விட," என்றார் அம்மா, "ஒரு வகுப்புக்கு முன்னால நின்னு பேசணும்."

அப்பா, "சரி, போ. நல்ல சேலையாக் கட்டிட்டுப் போ," என்றார்.

அன்று மாலை அம்மா அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, பழைய துவாய் ஒன்றில் சுற்றிய சட்டமிட்ட படத்தை எடுத்தார். பட்டமளிப்பு விழாப் படம். கறுப்பு அங்கியில், நம் பேராதனைச் செனட் கட்டிடத்தின் தூண்களுக்கு முன்னால், மெலிந்த ஒரு பெண். கையில் சுருட்டிய காகிதம். பக்கத்தில் காலில் செருப்பில்லாத ஒரு முதியவர், புத்தம்புது வெள்ளைச் சட்டையில். அவர் அம்மாவின் தந்தை, நான் பிறக்கும் முன்பே இறந்தவர். அவர் படத்தில் சிரிக்கவில்லை. ஏதோ பெரிய சத்தம் கேட்டவரைப் போல விழித்துக்கொண்டிருந்தார். நான் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தேன். அப்போது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இத ஏன் செவத்துல மாட்டல?"

"கம்பளை அக்கா அடிக்கடி வருதே."

வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை வாங்குவது எளிதாக இருக்கவில்லை. தீபாவளி நெருங்கிய வாரங்களில் எவருக்கும் விடுமுறை இல்லை. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு ஹாஜியாரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். எனக்குப் பேராதனைப் பல் ஆஸ்பத்திரியில் பல் காட்ட வேண்டும் என்றார். பொய் சொல்லும்போது அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எந்தப் பல்லு மகள்?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அடேயப்பா, பாருங்க, வாயத் திறந்தா நானே புடுங்கிருவனெண்டு பயம்," என்று சிரித்தார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "போய்ட்டு வாங்க. ஆனா வெள்ளிக்கெழம அந்திக்கி முந்திக் கடைக்கி வந்திரணும். கட்டாயம். வராம ஈந்திராதீங்க."

காசாளர் நானா, ஹாஜியாரின் மருமகன், மேசைக்குப் பின்னால் குனிந்து சிரிப்பை அடக்கினார். அம்மா அதைக் கவனித்தார். படியேறும்போது என்னிடம், "இன்னிக்கே வேணாம்னு சொல்லியிருக்கணும். வெள்ளிக்கிழமை அறிவிப்பாரு போல. நான் ஏதாச்சும் சொல்லித் தள்ளிப் போட்டுருவேன்," என்றார். ஓகஸ்டில் அந்தக் காசாளர் நானா அம்மாவின் அடையாள அட்டையை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டது எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பொலிஸ் பதிவுக்கு என்று சொல்லி வாங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. நேர்முகப் பரீட்சை நடந்த அரச அலுவலகத்தின் மண்டபத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. மண்டபம் நிறையப் பட்டதாரிகள். எல்லோருடைய மடியிலும் ஒரே மாதிரியான கோப்புகள். பலருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சிங்களப் பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி காத்திருந்தார். முச்சக்கர வண்டி ஓட்டுபவர் ஒருவர், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து, யாராவது எடுக்கச் சொல்வார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சு, வேலைகளைப் பற்றியதாக இருந்தது. எல்லோரும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். எல்லோரும் வேலையற்றவர்களாக வந்திருந்தார்கள்.

அம்மா ஊதா நிறக் கைத்தறிச் சேலை கட்டியிருந்தார். கடையில் அவர் கட்டாத சேலை. அவர் கூந்தலைப் பின்னியிருந்த விதம்கூட வேறாக இருந்தது. முதுகை நிமிர்த்தி அமர்ந்திருந்த அவரைப் பார்த்தால், இவர் ஒரு ஆசிரியை என்று எவரும் சொல்லியிருப்பார்கள். நான் அவரைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை அரை நாள்கூட நிற்கவில்லை.

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அன்பானவர். என்னைப் பார்த்து, "துவட்ட இஸ்கோல நெத்த?" என்று கேட்டார், பாடசாலை இல்லையா என்று. அம்மாவின் பெறுபேறுகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நல்ல வகுப்பில் தேறியிருந்தார். இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். குழந்தை, குடும்பம் என்றார் அம்மா. எங்காவது வேலை செய்கிறீர்களா? இல்லை என்றார் அம்மா. அதிகாரி அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தட்டினார்.

பிறகு தட்டுவதை நிறுத்தினார்.

"உங்களுக்கு ஈ.பி.எஃப். இருக்கே," என்றார். இதை அவர் தமிழில் சொன்னார். சொல்லச் சிரமப்பட்டுத் தேடித் தமிழில் சொன்னார்.

"இல்ல மிஸ்."

"இருக்கு. ரெண்டு மாசமாக் கட்டி இருக்கு."

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மாவின் முழுப்பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே கடையின் பெயர். கடைப் பைகளில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்குமே, நான் பென்சிலால் அதன்மேல் எழுதி எழுதிப் பழகியிருந்த அதே பெயர்.

"அது நான் இல்ல மிஸ்," என்றார் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தம் பெயருக்கு முன்னால் அமர்ந்துகொண்டு, அது நான் இல்லை என்று மறுபடியும் சொன்னார். அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் அம்மாவும் கோபப்பட்டிருப்பார். அவர் தலையைச் சாய்த்து, மிக மெதுவாக, இது வேலை இல்லாத ஆட்களுக்குத்தானே என்றார். சேர்ட்டிபிக்கட்டுகளை ஒழுங்காக அடுக்கி, கோப்புக்குள் வைத்து, கோப்பின் நாடாவைத் தாமே கட்டி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரை அழைத்தார்.

வெளியே வந்ததும் முச்சக்கர வண்டிக்காரர், "என்ன சொல்லிச்சு?" என்று ஆவலாகக் கேட்டார். அம்மா அவரைக் கடந்து நடந்தார்.

வாவிக் கரை ஓரமாக நடந்தோம். மழை தொடங்கியிருந்தது. என் கையில் குடை இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை. அம்மா ஒரே ஒரு முறை பேசினார்.

"பதிஞ்சிட்டுத்தான் அறிவிப்பாங்களா?"

என்னிடம் கேட்டாரா, தம்மிடமே கேட்டாரா என்று தெரியவில்லை. கம்பளை அக்கா நிரந்தரமான நாளிலும், அதற்கு முந்தைய வருடமும் அம்மா கைதட்டியிருக்கிறார். இதை ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்: அறிவிப்பு நாளில் ஈ.பி.எஃப். இலக்கத்தையே கையில் கொடுக்க வேண்டும் என்பது ஹாஜியாரின் ஆசை. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே இரகசியமாகச் செய்துவிடுவார். ஒருவர் இரகசியமாகத் தம் படிப்பை மறைத்தார். மற்றவர் இரகசியமாக ஒரு பரிசை ஆயத்தம் செய்தார். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, தினமும் எதிரெதிரே நின்றார்கள்.

அம்மா அன்று கடைக்குப் போக மாட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, கைத்தறிச் சேலையைக் களைந்து, கடைக்குக் கட்டும் நைலக்ஸ் சேலையைக் கட்டி, கூந்தலை மாற்றிக் கொண்டையாக முடிந்துகொண்டார். "பல்லு புடுங்கலன்னு சொல்லு. மருந்து குடுத்தாங்கன்னு சொல்லு," என்றார்.

மாலையில் கடையின் நடுவே எல்லோரும் கூடினார்கள். தோட்டங்களிலிருந்து வந்த வாடிக்கையாளர்களும் பைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். எண்ணெய் மினுக்கத்தோடு மஸ்கட் தட்டு வந்தது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் உரக்கப் பேசினார்.

"இண்டைக்கி இவங்க நிரந்தரம். அதுமட்டுமில்ல, இனிமே மேல் மாடி முழுக்க இவங்கட பொறுப்பு. இவங்களுக்குச் சொல்லாமலே ரெண்டு மாசத்துக்கு முந்திப் பதிஞ்சிட்டன். ஒரு சதம் சம்பளத்துல வெட்டல்ல. இவங்கட பங்கையும் கடையே கட்டினது!"

கைதட்டல். கம்பளை அக்கா விசில் அடித்தார்.

"சம்பளமும் கூட்டியீக்கி. எவ்வளவெண்டு சொல்ல மாட்டன், மத்தவங்க சண்டைக்கி வருவாங்க. ஆனா ஒண்டு சொல்றன், டிகிரி முடிச்சிட்டு கவர்மெண்ட் வாசல்ல நிக்கிற புள்ளையளுக்குக் குடுக்கிறத விடக் கூட. ஏன்? அனுபவம்! படிப்பு என்னத்துக்கு?"

அவர் சொன்னது உண்மை. அந்த நியமனத்தில் முதல் வருடம் கிடைக்கவிருந்த பயிற்சிப் படியைவிட, அந்த மாலையிலிருந்து அம்மாவின் சம்பளம் அதிகம். இன்று இந்தப் பல்கலைக்கழகத்தில் என் விடுதிக் கட்டணத்தையும் புத்தகங்களையும் அந்த மேல் மாடிதான் தந்துகொண்டிருக்கிறது. விவாத அரங்கில் அனுபவத்தின் பக்கம் பேசியவர்கள் இதை மேற்கோள் காட்டியிருக்கலாம். அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாதமும் சரிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அந்த மாலையில் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கைகளாலும் சேலையை வாங்கிக்கொண்டார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. வாங்கிக்கொண்டு, ஹாஜியாரை நேராகப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"ஹாஜியார், நான் பேராதனையில டிகிரி முடிச்சவ."

கடை முழுவதும் சிரித்தது.

கம்பளை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காசாளர் நானா மேசையில் தட்டினார். விஷயம் புரியாத தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் வைஸ் சான்சலர்! மஸ்கட்ட எடுங்க புரபசர், மொதல்ல நீங்க எடுங்க!"

அம்மா ஒரு துண்டு மஸ்கட்டை எடுத்தார். அவரும் சிரித்தார். என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. "நீயும் எடு," என்று என்னிடம் நீட்டினார்கள். எனக்குப் பல் வலி என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. நான் எழும்பியபோது அம்மா குளித்து, மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தார். கூந்தலைக் கைத்தறிச் சேலைக்குப் பின்னிய விதத்தில் பின்னியிருந்தார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து துவாய்ச் சுற்றை எடுத்துக் கைப்பைக்குள் வைக்க முயன்றார். சட்டம் பெரியதாக இருந்தது. கடைசியில், கடையின் சிவப்பு எழுத்துப் பை ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டார்.

நாங்கள் போனபோது கடை திறந்துவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார் கதிரையில் அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க புரபசர்!" என்றார்.

அம்மா பையிலிருந்து படத்தை எடுத்துத் துவாயைப் பிரித்து, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"நேத்து காலைல பல்லுக் காட்டப் போகல ஹாஜியார். டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. பேர் பதிஞ்சிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. மேல் மாடிக்குப் படியேறிப் போனார்.

நான் போகவில்லை. ஹாஜியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். செருப்பில்லாத முதியவரின் கால்களைப் பார்த்தார். எதையோ தேடியவர் போல மேசையெங்கும் கையால் தடவினார். பிறகு அந்தக் கை மேலே போனது. பாட்டை நிறுத்தினார்.

அது பாங்கு நேரம் அல்ல. கீழே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அமைதிக்குள், மேல் மாடியிலிருந்து, அந்த நாளின் முதல் குடும்பத்தை அம்மா வரவேற்பது கடை முழுவதும் கேட்டது.

"வாங்கக்கா, வாங்க. யாருக்கு எடுக்கிறீங்க?"